அஜானா உடந்தோ பஸ்து பா அ-உ-ப

அஜானா உடந்தோ பஸ்து பா அ-உ-ப என்பது கல்கத்தாவைச் சேர்ந்த மொஹீனேர் கோடாகுலி என்னும் வங்காள மொழி ராக் இசைக்குழு 1978 ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இத்தொகுப்பில் இரண்டு பாடல்கள் மட்டுமே உள்ளன. இதன் தலைப்பைத் தமிழில் "அறியப்படாத பறக்கும் பொருள், அதாவது அ-உ-ப" எனப் பொருள் கொள்ளலாம். இந்திய மொழிகளில் பாடிய தொடக்ககால ராக் குழுக்களில் முதன்மையானதாகக் கருதப்படும் இக்குழு, நாட்டார் ராக், சைக்கடெலிக் ராக், ஜாஸ் ஆகிய வகைகளின் கீழ் வைத்துப் பேசப்படுகிறது. வெளிவந்த காலத்தில் மிகச் சிலரே கேட்ட இக்குழுவின் இசைத்தட்டுகள், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வங்காள இளைஞர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன.

தொகுப்பு பற்றிய குறிப்புகள்

இசைக்குழு: மொஹீனேர் கோடாகுலி
மொழி: வங்காளம்
வெளியான ஆண்டு: 1978
பாடல்களின் எண்ணிக்கை: 2
வகை: ராக், நாட்டார் ராக், சைக்கடெலிக் ராக்
முந்தைய தொகுப்பு: சங்பிக்ன பாகிகூல் ஓ கல்கத்தா பிஷயக் (1977)
அடுத்த தொகுப்பு: த்ருஷ்யமான் மொஹீனேர் கோடாகுலி (1979)

தலைப்பின் பொருள்

இத்தலைப்பில் உள்ள சொற்களுள் சில தமிழருக்கு முற்றிலும் அயலானவை அல்ல. "அஜானா" என்பது அறியப்படாதது என்னும் பொருள் உடையது. "உடந்தோ" என்றால் பறக்கின்ற. "பஸ்து" என்பது தமிழில் "வஸ்து" என வழங்கும் அதே வடசொல்லாகும். வங்காளத்தில் வகரம் பகரமாக ஒலிக்கும். "பா" என்பது "அல்லது" என்னும் பொருள் தரும் இடைச்சொல். இறுதியில் உள்ள "அ-உ-ப" என்பது முதல் மூன்று சொற்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து உருவாக்கிய சுருக்கமாகும்.

1947 சூன் 24 அன்று அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் கென்னத் ஆர்னால்டு என்னும் வானோட்டி, ரெய்னியர் மலைக்கு அருகில் விரைந்து செல்லும் ஒன்பது பொருட்களைக் கண்டதாகக் கூறினார். அதனைத் தொடர்ந்து செய்தித்தாள்கள் "பறக்கும் தட்டு" என்னும் தொடரைப் பரப்பின. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க வான்படை அதற்கு மாற்றாக "யூ.எஃப்.ஓ." என்னும் மூன்றெழுத்துச் சுருக்கத்தைப் பயன்படுத்தத் தொடங்கியது. அச்சுருக்கம் பிற மொழிகள் பலவற்றிலும் அப்படியே நுழைந்தது. இக்குழுவினரோ அத்தொடரை மொழிபெயர்த்ததோடு நில்லாமல், சுருக்கத்தையும் வங்காள எழுத்துக்களைக் கொண்டே அமைத்தனர். இதே முறையைப் பின்பற்றித் தமிழில் எழுதினால் "அறியப்படாத பறக்கும் பொருள் அல்லது அ-ப-பொ" என்று வரும்.

இது வெறும் சொல் விளையாட்டு அன்று. ராக் இசை என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்று இந்திய நகரங்களில் பலரும் எண்ணியிருந்த காலத்தில், அவ்விசை பேசிய பொருள்களை எல்லாம் தாய்மொழியிலேயே சொல்லிவிட முடியும் என்னும் நிலைப்பாட்டை இத்தலைப்பு வெளிப்படையாக அறிவிக்கிறது. இத்தொகுப்பின் முக்கியத்துவமும் இதிலேயே அடங்கியுள்ளது எனலாம்.

பின்னணி

சைக்கடெலிக் ராக்

"சைக்கடெலிக்" என்னும் சொல்லை உருவாக்கியவர் அம்ஃப்ரி ஆசுமாண்டு என்னும் மனநல மருத்துவர். 1956 இல் எழுத்தாளர் ஆல்டசு அக்சிலிக்கு எழுதிய கடிதத்தில் இச்சொல்லை அவர் முன்மொழிந்தார். கிரேக்க மொழியில் மனம், வெளிப்படுத்துதல் என்னும் பொருள்களைத் தரும் இரு சொற்களின் கூட்டு இது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றிய ஒருவகை ராக் இசைக்கு இப்பெயர் வழங்கலாயிற்று. நீண்ட இசைப்பகுதிகள், எதிரொலி, ஒலிநாடாவைத் திருப்பி ஓட்டுதல், வழக்கத்திற்கு மாறான கருவிகள், கனவும் விண்வெளியும் கலந்த பாடற்பொருள்கள் ஆகியவை இவ்வகையின் இயல்புகள் ஆகும்.

இவ்விசையில் இந்தியாவின் பங்கு கணிசமானது. பீட்டில்சு குழுவினர் 1965 இல் சித்தாரைத் தம் பாடலொன்றில் பயன்படுத்தினர். 1967 இல் கலிபோர்னியாவில் நடந்த மாண்டெரே இசைவிழாவில் இரவிசங்கர் வாசித்தார். அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த பாப் டிலானின் "ஜான் வெசுலி ஆர்டிங்" இசைத்தட்டின் அட்டையில், டிலானுடன் வங்காளத்தின் பாவுல் பாடகர்களான பூர்ண தாசும் இலட்சுமண தாசும் நிற்பதைக் காணலாம்.

விண்வெளியும் இவ்விசைக்கு நெருக்கமான பொருளாகும். 1966 திசம்பரில் இலண்டனில் தொடங்கப்பட்டு, பிங்க் ஃபிளாய்டு குழுவினர் தொடக்கத்தில் இசைத்த அரங்கின் பெயரே "யூ.எஃப்.ஓ. கிளப்" என்பதாகும். அக்குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பான "எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்சு" 1968 சூனில் வெளிவந்தது. அதில் கதிரவனின் மையத்தை நோக்கிப் பயணம் செய்வது பற்றிய பாடல் ஒன்று உள்ளது. பத்தாண்டுகள் கழித்துக் கல்கத்தாவின் ஒரு குழுவும் தனது இரண்டாவது தொகுப்பிற்குப் பறக்கும் பொருளின் பெயரைச் சூட்டியது.

இந்தியாவில் ராக் இசை

1960களின் இறுதியில் கல்கத்தா, பம்பாய், சென்னை, பெங்களூர், சில்லாங் ஆகிய நகரங்களில் ராக் குழுக்கள் பல இயங்கின. சிகரெட் நிறுவனம் ஒன்று நடத்திய "சிம்லா பீட்" போட்டிகளில் பங்கேற்ற குழுக்களின் பாடல்கள் 1970, 1971 ஆம் ஆண்டுகளுக்குரிய இரு இசைத்தட்டுகளாக வெளிவந்தன. இக்குழுக்கள் பாடியது ஆங்கிலத்தில் ஆகும். கல்கத்தாவின் பார்க் சாலையில் இருந்த உணவகங்களிலும் இரவு விடுதிகளிலும் ஆங்கிலோ-இந்திய இசைக்கலைஞர்கள் மேற்கத்திய இசையை நாள்தோறும் வாசித்து வந்தனர்.

இந்திய மொழிகளில் மின்கிதாரும் டிரம்சும் பெரும்பாலும் திரைப்படங்களின் வழியாகவே மக்களைச் சென்றடைந்தன. இராகுல் தேவ் பர்மன் இசையமைத்த "அரே ராமா அரே கிருஷ்ணா" (1971) என்னும் இந்தித் திரைப்படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். திரைப்படத்தைச் சாராமல், தாமே எழுதி, தாமே இசையமைத்து, தாமே வாசித்துப் பாடும் குழு என்பது அன்றைய இந்திய மொழி இசையுலகில் அரிதாகவே இருந்தது.

வங்காள இசைச் சூழல்

வங்காளத்தின் நிலை இதனினும் சற்று வேறுபட்டது. அங்குத் திரையிசைக்கு அப்பாற்பட்ட பாடல்களுக்கு வலுவான மரபு இருந்தது. இரவீந்திரநாத் தாகூர் இயற்றிய இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்கள் "இரவீந்திர சங்கீதம்" என்னும் பெயரில் வீடுதோறும் பாடப்பட்டன. அவற்றின் பதிப்புரிமை 2001 ஆம் ஆண்டின் இறுதிவரை விசுவபாரதியிடம் இருந்தது. "ஆதுனிக் கான்" (நவீனப் பாடல்) எனப்படும் மெல்லிசைப் பாடல்களும் புகழ்பெற்றிருந்தன. ஆண்டுதோறும் துர்கா பூசையை ஒட்டிப் புதிய இசைத்தட்டுகள் வெளியிடப்படுவது வழக்கம். தமிழகத்தில் தீபாவளிக்குப் புதுப்படங்கள் வருவதைப் போல அங்குப் பூசைப் பாடல்கள் எதிர்பார்க்கப்பட்டன.

இவ்வளவு வலுவான மரபு இருந்தமையே புதிய முயற்சிகளுக்குத் தடையாகவும் அமைந்தது. பாடல் என்றால் இன்னவாறுதான் இருக்க வேண்டும் என்று கேட்போர் முன்கூட்டியே தீர்மானித்திருந்தனர். தெருவில் பேசும் மொழி, நகர வாழ்வின் சலிப்பு, மின்கருவிகளின் உரத்த ஒலி ஆகியவற்றுக்கு அம்மரபில் இடம் இருக்கவில்லை.

அரசியல் சூழல்

1967 இல் வடக்கு வங்காளத்தின் நக்சல்பாரியில் எழுந்த உழவர் கிளர்ச்சி கல்கத்தாவின் கல்லூரிகளுக்கும் பரவியது. 1971 இல் கிழக்குப் பாகிஸ்தானில் நடந்த போரால் பெருந்தொகையான அகதிகள் மேற்கு வங்காளத்தில் குவிந்தனர். 1975 சூன் முதல் 1977 மார்ச் வரை நாடெங்கும் நெருக்கடி நிலை நிலவியது. 1977 சூனில் சோதி பாசு தலைமையில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. குழுவின் முதல் இசைத்தட்டு வெளியானதும் அதே ஆண்டில்தான்.

இசைக்குழு

தோற்றம்

இக்குழுவைத் தோற்றுவித்தவர் கௌதம் சட்டோபாத்யாய் ஆவார். கல்கத்தாவின் பிரசிடென்சி கல்லூரி மாணவரான இவர், ஆங்கிலோ-இந்திய நண்பர்களுடன் சேர்ந்து "தி அர்ச்" என்னும் குழுவில் மேற்கத்திய இசையை வாசித்தவர். பின்னர் நக்சலைட்டு இயக்கத்தில் ஈடுபட்டுக் கைதாகிச் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் சில காலம் வங்காளத்திற்கு வெளியே, மத்தியப் பிரதேசத்தில் பணிபுரிந்தார். 1970களின் நடுப்பகுதியில் கல்கத்தாவிற்குத் திரும்பியதும் தம் தம்பியர், உறவினர், நண்பர்கள் ஆகியோரைக் கொண்டு குழுவை அமைத்தார். தென் கல்கத்தாவின் நாக்தலா பகுதியில் இருந்த அவரது குடும்ப வீடே குழுவின் இருப்பிடமாக விளங்கியது.

பெயர்

"மொஹீனேர் கோடாகுலி" என்பதற்கு "மொஹீனின் குதிரைகள்" என்பது பொருள். வங்காளக் கவிஞர் சீவனானந்த தாசு (1899–1954) எழுதிய "கோடா" (குதிரை) என்னும் கவிதையிலிருந்து இப்பெயர் எடுக்கப்பட்டது. இக்கவிதை 1948 இல் வெளியான "சாத்தி தாரார் திமிர்" (ஏழு விண்மீன்களின் இருள்) என்னும் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. முன்னர் வேறு சில பெயர்களில் இயங்கிய குழுவிற்கு இப்பெயரைப் பரிந்துரைத்தவர் இரஞ்சன் கோசால்.

சீவனானந்தர் தாகூருக்குப் பிந்தைய வங்காளக் கவிதையின் மிக முக்கியமான கவிஞராக இன்று போற்றப்படுபவர். எனினும் வாழ்ந்த காலத்தில் அவருக்கு உரிய ஏற்பு கிட்டவில்லை. 1954 அக்டோபரில் கல்கத்தாவில் டிராம் வண்டி மோதிக் காயமுற்று இறந்தார். அவருடைய பல படைப்புகள் இறப்பிற்குப் பின்னரே அச்சேறின. அவரிடமிருந்து பெயரைப் பெற்ற குழுவிற்கும் ஏறக்குறைய அதே நிலையே வாய்த்தது.

உறுப்பினர்கள்

குழுவில் ஏழு பேர் இருந்தனர். ஒவ்வொருவரும் ஒன்றுக்கு மேற்பட்ட பணிகளைச் செய்தனர்.

கௌதம் சட்டோபாத்யாய் – பாடல், பாடலாக்கம், கிதார், சாக்சபோன்
பிரதீப் சட்டோபாத்யாய் – பேசு கிதார், புல்லாங்குழல்
விசுவநாத் சட்டோபாத்யாய் – டிரம்சு
தாபசு தாசு – பாடல், கிதார்
தபேசு பந்தோபாத்யாய் – பாடல், கிதார் (1978 வரை)
இரஞ்சன் கோசால் – பாடலாக்கம், நிகழ்ச்சித் தொகுப்பு, காட்சியமைப்பு
ஆபிரகாம் மசூம்தார் – பியானோ, வயலின்

பிரதீப்பும் விசுவநாத்தும் கௌதமின் உடன்பிறந்தோர். இரண்டாவது தொகுப்பு வெளியான 1978 இல் தபேசு பந்தோபாத்யாய் குழுவிலிருந்து விலக, அவ்விடத்திற்கு இராசா பானர்ஜி வந்து சேர்ந்தார். ஆகவே இத்தொகுப்பு குழுவின் முதல் அமைப்பிற்கும் இரண்டாம் அமைப்பிற்கும் இடைப்பட்ட ஆண்டில் அமைந்ததாகும்.

பாடல்கள்

1. அஜானா உடந்தோ பஸ்து பா அ-உ-ப
2. சுதிஜன் சோனோ

முதற்பாடலே தொகுப்பிற்குத் தலைப்பைத் தந்தது. பறக்கும் தட்டு என்பது வங்காள வாசகர்களுக்கு அப்போது புதிய பொருள் அன்று. சத்தியசித் ராய் 1962 இல் எழுதிய "பங்குபாபுர் பந்து" என்னும் சிறுகதையில், வேற்றுக் கோளிலிருந்து வந்த ஒருவர் வங்காளச் சிற்றூரின் ஆசிரியர் ஒருவரைச் சந்திக்கிறார். 1960களின் பிற்பகுதியில் இத்தகைய கருவை வைத்து ராய் ஆங்கிலத்தில் திரைப்படம் எடுக்க முயன்றும் அது நிறைவேறவில்லை. 1975 ஏப்ரலில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா ஏவப்பட்டது. சுடீவன் சுபீல்பர்க்கின் "குளோசு என்கவுண்டர்சு ஆஃப் தி தேர்டு கைண்டு" திரைப்படம் 1977 இல் வெளிவந்தது. அதன் ஒரு காட்சி மகாராட்டிரத்தின் சிற்றூர் ஒன்றில் படமாக்கப்பட்டது. எனவே 1978 இல் வானத்தை அண்ணாந்து பார்க்கும் வங்காளப் பாடல் தோன்றியது காலத்தோடு ஒத்ததே. ஆயினும் காதல், பிரிவு, இயற்கை, பக்தி ஆகியவற்றையே பெரிதும் பாடிவந்த வங்காள இசைத்தட்டு உலகில் இப்பொருள் முற்றிலும் புதுமையானதாகும்.

இரண்டாம் பாடலின் தலைப்பிற்கு "சான்றோரே, கேளுங்கள்" என்பது பொருள். "சுதிஜன்" என்பது அறிவுடையோர், அவையில் கூடியிருக்கும் பெருமக்கள் என்னும் பொருளில் வங்காள மேடைகளில் அவையோரை மரியாதையுடன் விளிக்கும் சொல். தமிழகத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் சபையோரை விளிப்பதை இங்கு ஒப்பிட்டு நோக்கலாம். மின்கிதாரும் டிரம்சும் கொண்ட குழு ஒன்று இம்மரபு விளியைத் தலைப்பாகக் கொண்டது குறிப்பிடத்தக்கது. ஒரு தலைப்பு அறியாத வானத்தை நோக்குகிறது. மற்றொன்று எதிரில் அமர்ந்திருக்கும் அவையை நோக்குகிறது.

இசைநடை

கௌதம் சட்டோபாத்யாய் தம் குழுவின் இசையைப் "பாவுல் ஜாஸ்" என அழைத்தார். பாவுல்கள் வங்காளத்தில் ஊர் ஊராகச் சென்று பாடும் துறவியர். சாதி, சமயச் சடங்குகள் ஆகியவற்றை மறுத்து, உடலுக்குள்ளேயே இறைவனைத் தேடுபவர்கள். ஒற்றை நரம்பு கொண்ட ஏக்தாரா, தோத்தாரா, துக்கி ஆகியவை இவர்களின் கருவிகள். தமிழில் சித்தர் பாடல்களை அறிந்தோர் பாவுல்களின் நோக்கை எளிதில் உணர்வர். வங்காளதேசத்தின் பாவுல் பாடல்களை யுனெசுகோ நிறுவனம் 2005 இல் மனித குலத்தின் அரிய பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

இம்மரபோடு, முன்கூட்டி எழுதாமல் மேடையிலேயே இசையை விரித்துச் செல்லும் ஜாஸ் முறையையும், டிலான், பீட்டில்சு ஆகியோரின் பாடல்முறையையும் குழுவினர் இணைத்தனர். கிதார், பேசு கிதார், டிரம்சு ஆகிய வழக்கமான ராக் கருவிகளுடன் சாக்சபோன், வயலின், புல்லாங்குழல், பியானோ ஆகியவையும் இடம்பெற்றன. ஆபிரகாம் மசூம்தார் மேற்கத்திய செவ்வியல் இசையில் பயிற்சி பெற்றவர் ஆவார். இதனால் கிராமியப் பாட்டு, மாதா கோவில் இசை, இரவு விடுதி இசை ஆகிய மூன்றும் ஒரே குழுவிற்குள் சந்தித்தன.

இக்குழுவைச் சைக்கடெலிக் ராக் வகையில் சேர்ப்பது பிற்கால வழக்கம். மேலை நாட்டுச் சைக்கடெலிக் இசைக்கலைஞர்கள் இந்தியாவைத் தொலைவில் உள்ள மாயநாடாகக் கண்டு சித்தாரையும் தம்புராவையும் எடுத்தாண்டனர். மொஹீனேர் கோடாகுலி குழுவினருக்கு அந்த "தொலைநாடு" அவர்கள் வாழ்ந்த தெருவே ஆகும். ஆகவே அவர்கள் தம் இசையில் இந்தியத் தன்மையை வரவழைத்துக் காட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டிற்கு வெளியே கேட்ட பாவுல் பாட்டையும் பார்க் சாலையில் கேட்ட கிதாரையும் அவர்கள் ஒரே நகரத்தின் ஒலிகளாகவே கொண்டனர்.

மற்ற இசைத்தட்டுகளுடன் ஒப்பீடு

குழு இயங்கிய காலத்தில் மூன்று தொகுப்புகள் வெளிவந்தன. அவற்றில் உள்ள பாடல்கள் வருமாறு:

சங்பிக்ன பாகிகூல் ஓ கல்கத்தா பிஷயக் (1977, "கலங்கிய பறவைக் கூட்டமும் கல்கத்தாவும் குறித்து")
– ஆய் பாலோபாசி ("ஐயோ, நேசிக்கிறேன்")
– மெரூன் சந்த்யாலோக் ("மெரூன் நிற அந்தியொளி")
– பேசே ஆசே கல்கத்தா ("மிதந்து வருகிறது கல்கத்தா")
– சங்பிக்ன பாகிகூல் ("கலங்கிய பறவைக் கூட்டம்")

அஜானா உடந்தோ பஸ்து பா அ-உ-ப (1978)
– அஜானா உடந்தோ பஸ்து பா அ-உ-ப
– சுதிஜன் சோனோ

த்ருஷ்யமான் மொஹீனேர் கோடாகுலி (1979, "கண்ணுக்குப் புலப்படும் மொஹீனின் குதிரைகள்")
– ஏய் சுரே பஹுதூரே ("இந்த இசையில் வெகுதொலைவில்")
– சைத்ரேர் காஃபன் ("சைத்ர மாதத்துப் பிணப்போர்வை")

வங்காள நாட்காட்டியின் சைத்ர மாதம் தமிழ் நாட்காட்டியின் பங்குனிக்கு இணையான, ஆண்டின் இறுதி மாதம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மூன்றையும் சேர்த்தாலும் எட்டுப் பாடல்களே ஆகின்றன. அக்கால நெட்டிசைத்தட்டு ஒன்றின் இரு பக்கங்களிலும் சேர்ந்து நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஒலிப்பதிவு செய்ய இயலும். எனவே இக்குழுவின் அக்கால வெளியீடுகள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நெட்டிசைத்தட்டின் அளவினவே. தலைப்புகளை வரிசையாக நோக்கின் ஒரு தொடர்ச்சி புலப்படும். முதலாவது நகரத்தையும் அதன் கலக்கத்தையும் பேசுகிறது. இரண்டாவது "அறியப்படாத" ஒன்றைப் பற்றியது. மூன்றாவது "புலப்படும்" என்னும் சொல்லுடன் தொடங்குகிறது.

வரவேற்பு

வெளியான காலத்தில் இத்தொகுப்பும் குழுவின் பிற இசைத்தட்டுகளும் பரவலான வரவேற்பைப் பெறவில்லை. வங்காளப் பாடலின் மென்மைக்குப் பழகியோர்க்கு இவ்விசை இரைச்சலாகத் தோன்றியது. ராக் இசையை விரும்பியோர் ஆங்கிலப் பாடல்களையே நாடினர். இருவகைக் கேட்போருக்கும் நடுவில் இக்குழு நின்றது. மேடை நிகழ்ச்சிகளின் வாயிலாகவே சிறிய அளவில் ஆதரவாளர்கள் சேர்ந்தனர். 1979 இல் கல்கத்தாவின் இரவீந்திர சதன் அரங்கிலும், 1980 இல் அந்நகரில் நடந்த பன்னாட்டு ஜாஸ் விழாவிலும் இவர்கள் இசை நிகழ்த்தினர்.

இவ்விசையால் வாழ்க்கை நடத்த இயலாத நிலையில் 1981 இல் குழு கலைந்தது. உறுப்பினர்கள் வெவ்வேறு தொழில்களை மேற்கொண்டனர். இரஞ்சன் கோசால் பெங்களூருக்குச் சென்று விளம்பரத்துறையிலும் நாடகத்திலும் ஈடுபட்டார். விசுவநாத் சட்டோபாத்யாய் அமெரிக்காவில் குடியேறினார். ஆபிரகாம் மசூம்தார் கல்கத்தாவில் மேற்கத்திய இசையைக் கற்பிக்கலானார். கௌதம் சட்டோபாத்யாய் திரைப்படத்துறையில் நுழைந்தார். அவர் இயக்கிய "நாக்மதி" 1983 ஆம் ஆண்டின் சிறந்த வங்காள மொழித் திரைப்படத்திற்கான தேசிய விருதினைப் பெற்றது.

மீள் கண்டுபிடிப்பு

1992 இல் சுமன் சட்டோபாத்யாய் (பின்னர் கபீர் சுமன்) வெளியிட்ட "தோமாகே சாய்" என்னும் ஒலிநாடா வங்காளப் பாடலின் போக்கை மாற்றியது. கிதாருடன் நகர வாழ்வைப் பாடும் பாடல்களுக்கு இளைஞரிடையே பெரும் வேட்கை எழுந்தது. இச்சூழலில் 1995 இல் கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியின்போது கௌதம் "ஆபார் பசோர் குடி பரே" ("மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்") என்னும் ஒலிநாடாவை வெளியிட்டார். இத்தலைப்பும் சீவனானந்தரின் கவிதையை நினைவூட்டுவதாகும். இதனைத் தொடர்ந்து "சரா சமயேர் கான்" (1996), "மாயா" (1997), "கியாபார் கான்" (1998) ஆகியவை வெளிவந்தன.

இவற்றில் பாடியவர்கள் பெரும்பாலும் புதிய தலைமுறைக் கலைஞர்கள். அட்டையில் "மொஹீனேர் கோடாகுலி தொகுத்தது" என்னும் பொருள்படக் குறிப்பிடப்பட்டது. இதழாசிரியர் ஒருவர் பலருடைய படைப்புகளைத் திரட்டி வெளியிடுவதைப் போலப் பாடல்களைத் திரட்டிய இம்முறை வங்காள இசையுலகிற்குப் புதியது. பழைய குழு மீண்டும் கூடாமலேயே அதன் பெயர் ஓர் இயக்கமாக மாறியது. புதிய பாடல்களைக் கேட்டவர்கள் 1977–79 காலத்துப் பழைய இசைத்தட்டுகளையும் தேடத் தொடங்கினர். இரண்டு பாடல்கள் மட்டுமே கொண்ட இத்தொகுப்பும் அவ்வாறே இரண்டாவது வாழ்வைப் பெற்றது.

1999 சூன் 20 அன்று கௌதம் சட்டோபாத்யாய் காலமானார். இரஞ்சன் கோசால் 2020 சூலையிலும் தாபசு தாசு 2023 சூனிலும் மறைந்தனர்.

தாக்கம்

1990களிலும் அதற்குப் பின்னரும் சந்திரபிந்து, காக்டசு, ஃபாசில்சு, பூமி முதலிய வங்காள ராக் குழுக்கள் கல்கத்தாவில் புகழ்பெற்றன. "பங்களா பேண்டு" என்றே ஓர் இசைவகை அழைக்கப்படலாயிற்று. இவ்வகையின் முன்னோடியாக மொஹீனேர் கோடாகுலி மதிக்கப்படுகிறது. கௌதமின் மகன் கௌரவ் சட்டோபாத்யாய் "லக்கிசாடா" என்னும் குழுவின் டிரம்சுக் கலைஞர் ஆவார்.

வங்காளத்திற்கு வெளியே இக்குழுவின் இசை அறியப்பட்டது பெரும்பாலும் மறைமுகமாகவே. 1995 ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள "பிருதிபீட்டா நாகி" என்னும் பாடலின் மெட்டைத் தழுவி 2006 இல் வெளியான "கேங்சுடர்" என்னும் இந்தித் திரைப்படத்தில் "பீகி பீகி" என்னும் பாடல் இடம்பெற்றது. இதனை வங்காளதேசத்தின் ராக் பாடகர் சேம்சு பாடினார். அப்பாடலை நாடெங்கும் முணுமுணுத்தவர்களுள் பெரும்பாலோர் அதன் மூலத்தை அறியார்.

தமிழிசைச் சூழலுடன் ஒப்பு நோக்கு

இதே காலகட்டத்தில் தமிழிலும் இசை மாற்றங்கள் நிகழ்ந்தன. 1976 இல் "அன்னக்கிளி" வாயிலாக அறிமுகமான இளையராஜா, நாட்டார் மெட்டுக்களையும் மேற்கத்திய இசையமைப்பையும் இணைத்தார். ஆனால் அம்மாற்றம் திரைப்படத்தின் வழியாகவே நிகழ்ந்தது. அதனால் கோடிக்கணக்கான மக்களை உடனே சென்றடைந்தது. கல்கத்தாக் குழுவிற்கு அத்தகைய ஊர்தி எதுவும் இருக்கவில்லை.

திரைப்படம் சாராத தமிழ்ப் பாடலுக்கு இலங்கையின் பொப் இசை சிறந்த எடுத்துக்காட்டாகும். நித்தி கனகரத்தினத்தின் "சின்ன மாமியே", ஏ. ஈ. மனோகரனின் "சுராங்கனி" முதலிய பாடல்கள் பைலா தாளத்தில் அமைந்து இலங்கையிலும் தமிழகத்திலும் பரவின. அன்றாடப் பேச்சுமொழியைத் தயக்கமின்றிப் பாடலாக்கியதில் இவையும் மொஹீனேர் கோடாகுலியின் பாடல்களும் ஒத்துள்ளன. கேளிக்கையும் எள்ளலும் முன்னவற்றின் இயல்பு. நகரத்தின் தனிமையும் வியப்பும் பின்னவற்றின் இயல்பு.

அயல்நாட்டு இசைவடிவம் ஒன்று மற்றொரு மொழியில் வேரூன்றுவதற்கு மெட்டும் கருவியும் மட்டும் போதா. அவ்வடிவத்தின் பொருள்களுக்கு அம்மொழியிலேயே பெயர் வேண்டும். 1978 இல் வெளியான இச்சிறிய இசைத்தொகுப்பு, ஆங்கிலத்தின் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒன்றுக்கு ஈடாக மூன்று வங்காள எழுத்துக்களை முன்வைத்தது. அன்று அதனைக் கேட்டவர் சிலர். அந்தச் சிலர் மறவாமல் பிறருக்குச் சொன்னதாலேயே அப்பாடல்கள் அடுத்த தலைமுறையைச் சென்றடைந்தன.

இவற்றையும் பார்க்க

சீவனானந்த தாசு
பாவுல்
வங்காள ராக் இசை
இலங்கைத் தமிழ்ப் பொப் இசை
பறக்கும் தட்டு